பூட்டிக் கிடந்த வளவு வீட்டைப் பொங்கலுக்குத் தயார் செய்வது

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் மார்கழி பாதியைத் தாண்டினால் சாவிக்கொத்துகளுக்கு வேலை வந்துவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த நிலைக்கதவு ஏதாவது ஒன்று முனகிக்கொண்டு திறப்பதைப் பார்க்கலாம். உள்ளே ஒரு குடும்பம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். இந்த வருஷம் அப்படி நிற்கப்போவது நீங்கள் என்றால் மேலே படியுங்கள். கல்யாணமாகி வந்த புது மருமகளாக இருக்கலாம். பங்காளிகளுக்குள் வீட்டைப் பார்க்கும் முறை முதல் தடவையாக உங்களுக்கு வந்திருக்கலாம். பழைய வீடொன்றை ஆசைப்பட்டு வாங்கியவராகவும் இருக்கலாம்.

என் முதல் வருஷத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டாலைத் (கூடத்து) தரையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. சென்னை ஃபிளாட்டில் பழகிய கை. கடையில் ஒரு பாட்டில் டைல்ஸ் ஆசிட் வாங்கிவந்து ஊற்றினேன். சுர்ரென்று நுரைத்தது. அழுக்கு கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். என் வீட்டுக்காரரின் அப்பத்தா ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே கேட்டார்கள்: “ஏன் ஆத்தா, தரைக்கு என்ன வயித்துவலியா, மருந்து ஊத்துற?” பதினோரு வருஷமாகிவிட்டது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒன்பது கல், பச்சையும் சிவப்பும் போய், சாம்பல் பூத்த மாதிரி இன்னும் அப்படியே கிடக்கின்றன. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்த இடத்தை ஒருமுறை காலால் தேய்த்துப் பார்க்கிறார்கள்.

அந்த ஒன்பது கல் சொல்லிக்கொடுத்ததுதான் மற்றதெல்லாம். இந்த வீடுகளில் சுவர் சுண்ணாம்பு, தரை சிமெண்ட் அல்லது சலவைக்கல். மூன்றுக்கும் புளிப்பு ஆகாது. ஆசிட் மட்டுமில்லை, எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எல்லாமே சுண்ணாம்புச் சத்தைத் தின்றுவிடும். நுரை வருகிறது என்றால் தின்கிறது என்று அர்த்தம்.

எப்போது ஆரம்பிப்பது

பிள்ளையார் நோன்பைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று, எந்த ஊரில் இருந்தாலும் இழை (மாவில் நூல்திரி வைத்து ஏற்றிய சுடர்) எடுத்துக்கொள்கிறோம் இல்லையா. அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடலாம். பொங்கலுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அநேகமாக ஓய்ந்திருக்கும். ஓட்டில் எங்கே ஒழுகியது என்று சுவரில் ஈரத் தடம் காயாமல் இருக்கும். அந்தத் தடம்தான் கொத்தனாருக்கு வரைபடம்.

முழு விடுப்பு கிடைக்காதவர்கள் இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை இரண்டு நாள் வந்து திறந்து, கூரையையும் மின்சாரத்தையும் பார்த்துவிட்டு, ஆட்களுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். இரண்டாவது தடவை போகிக்கு ஐந்து நாள் முன்பு வந்தால் போதும். ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் கிடைக்கமாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். பொங்கல் கழித்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். மாட்டுப் பொங்கலன்று யார் வருவார்? தை 3ஆம் தேதி சிறாவயல் மஞ்சுவிரட்டு. அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஏணி பிடிக்கக்கூட ஆள் சிக்காது.

திறக்கும் நாள்

அன்றைக்கு விளக்குமாற்றைத் தொடவேண்டாம். திறப்பது மட்டுமே வேலை.

முகப்புக் கதவிலிருந்து பின்கட்டுக் கதவு வரை வரிசையாகத் திறந்துகொண்டே போங்கள். இந்த வீடுகளை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளமாகக் கட்டியிருக்கிறார்கள். முகப்பில் நின்றால் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோடு திறந்துவிட்டால் காற்று தானாக ஓடும். ஒரு மணி நேரம் வெளித்திண்ணையில் உட்கார்ந்து காபி குடியுங்கள். அடைத்துக் கிடந்த வாடை போகட்டும். உள்ளே குடியிருந்தவர்களும் போகட்டும். குடியிருந்தவர்கள் என்றால் பூரான், தேள், சில வருஷம் பாம்பு. குவித்து வைத்த சாக்கு, பாய்ச்சுருள், விறகு இவற்றில் கையை விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டுங்கள். பரணில் கல்குளவிக் கூடு இருந்தால் அது உங்கள் வேலை இல்லை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வௌவால் எச்சம், புறா எச்சம் கிடந்தால் காய்ந்த நிலையில் பெருக்கக்கூடாது. தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தகரத்தால் வழித்து அள்ளுங்கள்.

மெயின் சுவிட்சைப் போடும் முன் ஒரு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். பல வீடுகளில் மரப்பட்டை மேல் ஓடுகிற பழைய வயரிங் இன்னும் இருக்கிறது. எலி கடித்திருக்கும், மழையில் ஊறியிருக்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து கழுவி நிரப்புவதும் அன்றே. முற்றத்துத் தூம்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் உள்ளே இலைச்சருகு அடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஒரு டென்னிஸ் பந்து இருந்தது. யாருடையது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மேலே இருந்து கீழே

முதலில் கூரை. கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கிய நாட்டு ஓடு, குரங்கு ஓடினாலும் நகர்ந்துவிடும். பகலில் உள்ளே இருட்டாக்கிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். ஊசி வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஓடு நகர்ந்த இடம். ஓடு மேய்கிற ஆளை மட்டும் மேலே ஏற்றுங்கள். நீங்கள் ஏறினால் ஒரு ஓட்டைச் சரிசெய்யப் போய் ஐந்தை உடைப்பீர்கள்.

அடுத்து மேங்கோப்பு (கூரையின் மரச்சட்டம்), பரண், உத்திரம். ஒட்டடைக் கம்பின் நுனியில் பழைய வேட்டித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். வெறும் கம்பு செதுக்குவேலையைக் கீறிவிடும். தூணின் தலையில் இருக்கிற போதிகை, நிலைக்கதவின் மேல் இருக்கிற கஜலட்சுமி, கிளி, யாளி இவற்றுக்குப் பெயிண்ட் பிரஷ்தான் கருவி. ஒன்றரை அங்குல பிரஷ், புதிது. ஒரு கையில் பிரஷ், மறு கையில் வாக்குவம் கிளீனர் குழாய் இருந்தால் தூசி கீழே விழாது. இல்லையென்றால் கீழே பழைய சேலையை விரித்துவிடுங்கள்.

பர்மாத் தேக்குக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்த பிறகு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, மரம் குடிக்கிற அளவு மட்டும் தேயுங்கள். பளபளப்பு வேண்டுமென்று நிறைய பூசினால் இரண்டு நாளில் அதன்மேல் தூசி ஒட்டி, அடுத்த பொங்கலுக்குக் கறுப்புப் பிசினாகியிருக்கும். முக்கியமான ஒன்று: இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் முற்றத்தில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கதவுச் சட்டத்திலோ தூண் அடியிலோ மண்கோடு ஏறியிருந்தால் கரையான். கோட்டைச் சுரண்டிவிட்டு வேப்பெண்ணெய் தடவி விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மண்ணுக்குள் மருந்து வைக்கிற ஆள் வரவேண்டும்.

சுவர்

இதைப் பற்றி அதிகம் செய்யவேண்டியது இல்லை, செய்யாமல் இருக்கத்தான் நிறைய இருக்கிறது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி சேர்த்து, பூச்சு மேல் பூச்சாகப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் இது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உச்சி வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். மென்மையான துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு தடவை துடையுங்கள். முடிந்தது. சோப்பு வேண்டாம், நார் வேண்டாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும் என்று ஊரே சொல்லும். திண்ணைக்கு வெளியே, மதிலுக்கு, பின்கட்டுக்கு அடியுங்கள். மெருகுச் சுவரில் எமல்ஷன் ஒருமுறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த இடத்தில் சிமெண்ட் பூசச் சொல்கிற கொத்தனாரிடம் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அது வேறு வழி தேடி இன்னும் மேலே ஏறும்.

ஆணி அடிக்கவே கூடாது. செல்லோடேப்பும் ஆணிக்குத் தம்பிதான். பிய்க்கும்போது மெருகோடு சேர்ந்து வரும்.

தரை

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்தப் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் எப்படித் துடைக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்தங்குடியில் பட்டறைகள் இருக்கின்றன, போய் நின்றால் காட்டுவார்கள். ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்பு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கியதும் பூ கண்ணாடியில் தங்கிவிடும். அதன் முதுகில் மணலும் சிமெண்டும் நிரப்பி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். சூளையே கிடையாது. மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. வண்ணம் மேலே மெல்லிய ஒரு படலம் மட்டுமே. நான் ஆசிட்டில் கரைத்தது அந்தப் படலத்தைத்தான். பிரஷ் வைத்துக் கரகரவென்று தேய்த்தாலும், மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டாலும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

ஆகவே: முதலில் பூந்துடைப்பத்தால் இரண்டு தடவை பெருக்குங்கள். ஒரு மணல் துகள் தங்கினாலும் மாப் போடும்போது அது உப்புத்தாளாக வேலை செய்யும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி. வாளியைக் கவிழ்த்துக் கழுவிவிடுவது கூடாது. கல் தண்ணீரைக் குடிக்கும், காயும்போது உப்பு வெளியே வரும். மூன்றாவதாக உலர்ந்த துணி. நான்காவதாக, இன்னொரு உலர்ந்த துணியில் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, துணி முழுக்கப் பரவக் கசக்கி, அதனால் மெல்லத் தேய்க்கவேண்டும். வழுக்குகிற அளவுக்கு இருந்தால் எண்ணெய் அதிகம்.

இதெல்லாம் செய்தும் பளபளப்பு வரவில்லை என்று முதல் நாள் மனம் தளராதீர்கள். இந்தத் தரை நடக்க நடக்கத்தான் மெருகேறும். பிள்ளைகள் சாக்ஸ் போட்டுக்கொண்டு வளவைச் சுற்றிச் சறுக்கி விளையாடட்டும். போகிக்குள் பாதி வேலையை அவர்கள் முடித்துவிடுவார்கள்.

பழைய எண்ணெய்க் கறைக்குத் தவிடு. கறை மேல் கனமாகக் கொட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் கூட்டி அள்ளுங்கள். இரண்டு மூன்று ராத்திரி ஆகலாம். மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

முகப்பில் இத்தாலியச் சலவைக்கல் போட்டிருந்தால் அதற்கும் பிழிந்த துணியே. கழிவறைக்கு ஆசிட் வாங்குகிறீர்கள் என்றால் அந்த பாட்டிலைப் பின்கட்டு தாண்டி உள்ளே வரவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு அது சேரவும் கூடாது, சேர்ந்தால் வருகிற புகை நெஞ்சை அடைக்கும்.

சாமான்

சாமான் அறையைத் திறந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவிடுவது புதியவர்கள் செய்கிற காரியம். நாங்களும் செய்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றம் முழுக்க அண்டாவும் குண்டானும்; திருப்பி அடுக்கத் தெம்பில்லை. பொங்கலுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுங்கள்: குத்துவிளக்கு, பொங்கல் பானைகள், தாம்பாளம், செம்பு, பரிமாறும் பாத்திரங்கள். மற்றவற்றை எண்ணிப் பார்த்தால் போதும்.

புளிக்கு வேலை இங்கேதான். பித்தளைக்கும் செம்புக்கும் ஊறவைத்த புளியோடு கல்லுப்பு, பிறகு சபீனாவோ பீதாம்பரியோ. கழுவியதும் உடனே துடைக்காவிட்டால் மறுநாள் களிம்பு ஏறிவிடும். வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து எடுங்கள். உள்ளே ஈயம் பூசிய பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்தால் ஈயம் போய்விடும். ஈயம் போன பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக்கூடாது. வெள்ளிக்குத் திருநீறு. விரலால் தொட்டுத் தேய்த்து மல் துணியால் துடைத்தால் முகம் தெரியும். எனாமல் தூக்குகளும் தட்டுகளும் கீழே விழாமல் இருந்தால் சரி, அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். இந்த வேலையெல்லாம் முற்றத்துக் கருங்கல்லில் நடக்கட்டும். புளித்தண்ணீர் ஆத்தங்குடிக் கல் பக்கம் வழிந்துவிடாமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெல்ஜியம் கண்ணாடியில் நேரடியாக ஸ்பிரே அடிக்காதீர்கள். ஓரம் வழியாக ஈரம் இறங்கிப் பின்னால் ரசம் கறுக்கும். துணியில் தெளித்துத் துடையுங்கள். தஞ்சாவூர்ப் படத்துக்கு ஈரமே ஆகாது, மெல்லிய பிரஷ் மட்டும். ஐயா (தாத்தா), அப்பத்தா போட்டோக்களைச் சட்டத்திலிருந்து பிரிக்கவேண்டாம். மழை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும்.

போகிக்கு எதை எரிப்பது

கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த விளக்குமாறு, காய்ந்த ஓலை. அவ்வளவுதான். டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எதுவும் வேண்டாம். வளவுக்குள் புகை ஏறினால் சுவர் முழுக்கக் கரி.

இதைவிட முக்கியம், எரிக்கக்கூடாதது எது என்பது. பெட்டகத்தின் அடியில் கிடக்கிற பேரேடு, தேக்குமரம் வந்த கணக்கு, ரங்கூனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதக் கட்டு, ஏட்டுச்சுவடி, பழைய கல்யாணப் பத்திரிகை. பார்க்கக் குப்பையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு போகிக்கு வாசல்வரை போய்விட்ட கட்டைப் பின்கட்டில் வேலை செய்கிற அக்காதான் நிறுத்தினார்கள். “ஆச்சி, இதுல ஸ்டாம்பு ஒட்டியிருக்கு, பாத்துட்டுப் போடுங்க.” உள்ளே அப்பத்தாவின் மாமனார் எழுதிய கடிதங்கள். வீட்டுக்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு வாங்கவேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார். ஆகவே காகிதம் எதுவாக இருந்தாலும் ஒரு பெட்டியில் போட்டு வயதானவர் ஒருவரிடம் காட்டாமல் நெருப்பில் போடாதீர்கள்.

வீட்டைத் திறந்த செய்தி பரவியதும் பழைய சாமான் கேட்டு ஆட்கள் வருவார்கள். உடைந்த கொண்டி, குமிழ், பீங்கான் கைப்பிடி என்று மலிவாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அடுத்த வருஷம் இன்னொரு குமிழ் உடையும்போது அதே மாதிரி ஒன்றைத் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக அலைவீர்கள். அலைந்தவள் சொல்கிறேன்.

அலங்காரம்

வாசலில் ஆரம்பிக்கலாம். போகியன்று சிறுபூளை, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை நான்கையும் சிறு கொத்தாகக் கட்டி நிலையிலும் கூரை முனையிலும் செருகுகிறோம். சிறுபூளைக்குக் கண்ணுப்பீளை, பொங்கல் பூ என்றெல்லாம் பெயர் உண்டு. சந்தையில் எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுப்பார்கள். நிலைக்கதவில் செருகக் கொண்டி இருக்கிறது, வளையம் இருக்கிறது, கட்டுவதற்கு வாழைநார் போதும். தோரணத்துக்குத் தூணிலிருந்து தூணுக்கு நூல்கயிறு. கட்டுகிற இடத்தில் தூணைச் சுற்றி ஒரு துணி மடிப்பு வைத்தால் தடம் விழாது.

வாழைமரம் கட்டுகிறவர்கள் அடியில் ஒரு தகரத்தையோ தட்டையோ வையுங்கள். வாழைச்சாறு வடிந்து தரையில் விழுந்தால் அந்தக் கறைக்கு இதுவரை நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. கரும்பு, மஞ்சள் கொத்துக்கும் ஈர மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். குத்துவிளக்கின் கீழே தாம்பாளம் கட்டாயம். வெற்றிலை பாக்கு, பழம் வைக்க ஓலைக் கொட்டான்களை எடுத்து, ஈரமில்லாத துணியால் துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி வைத்தால் போதும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக வைப்பது ஃபேஷனாகவும் ஆகிவிட்டது.

சீரியல் லைட் போடுவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. என் கட்சி: முகப்புக்கு வெளியே போடுங்கள், வளவுக்குள் வேண்டாம். வளவில் ராத்திரி விளக்கு மாடங்களில் அகல் ஏற்றினால் மெருகுச் சுவரே பாதி வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

இனி கோலம். வாசல் கோலம் எல்லோருக்கும் தெரிந்தது. வளவுக்குள் போடுகிற நடுவீட்டுக் கோலம்தான் வந்தவர்களுக்குப் புதிது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது. சதுரத்துக்குள் சதுரமாக, இரட்டைக் கோடுகளாக வளரும். பொடியில் போடுவதில்லை, அரிசிமாவுக் கரைசலில் போடுவது.

ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கையில் தொட்டால் நொய் தட்டாத அளவுக்கு அரையுங்கள். தண்ணீர் விட்டு, பாலை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரையுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைத் துணித் துண்டை அதில் முக்கி, விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்த அழுத்த மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல்தான் பேனா. கையைத் தரையில் ஊன்றாமல், உடம்பு பின்னால் நகர நகரக் கோடு இழுக்கவேண்டும். முதல் சதுரம் கோணாமல் வந்தால் மற்றது தானாக வரும். அதற்கு மட்டும் நூல் பிடித்துக்கொள்வதில் வெட்கமில்லை.

போடும்போது கோடு தெரியவே தெரியாது. ஈரத் தரையில் ஈரத் தடம், அவ்வளவுதான். மாவு பற்றவில்லை என்று நினைத்து மேலேயே இன்னொரு தடவை இழுப்பீர்கள். எல்லோரும் இழுக்கிறோம். பத்து நிமிஷம் கழித்துக் காயும்போது, முதலில் இழுத்த மூலையிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும், யாரோ பின்னாலேயே வந்து சுண்ணாம்பு தீட்டுகிற மாதிரி. இரண்டு தடவை இழுத்த கோடு மட்டும் தடித்து, வெடித்து, மறுநாள் செதில் செதிலாக உரியும். பொறுமையாக ஒரே கோடு.

எங்கே போடுவது என்பதும் உண்டு. முற்றத்துக் கருங்கல்லிலோ பழைய சிமெண்ட் தரையிலோ போடுங்கள். ஆத்தங்குடிக் கல் மேல் அரிசிமாவு பரவாயில்லை, ஈரத் துணியில் போய்விடும். கலர்ப்பொடியும் செங்காவியும் போகாது. காவிப் பட்டை வேண்டுமென்றால் வாசல் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொங்கல் அடுப்பு முற்றத்தில். எங்கள் வீட்டில் ஐந்து புள்ளி (கல்யாணமான குடும்பம்), ஐந்து பானை, வரிசையாக. கல்லின் மேல் நேரடியாக நெருப்பு மூட்டினால் சூட்டில் மேற்பொருக்கு வெடித்துத் தெறிக்கும். நாலு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் வைத்து அடுப்புக் கூட்டுங்கள். யார் பானை முதலில் பொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் கோலத்தை மிதிக்காமல் இருக்க, நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு வழி விட்டுக் கோலம் போடவேண்டும். இதை எந்தப் பாட்டியும் முதல் வருஷம் சொல்லமாட்டார்கள். மிதித்த பிறகு சொல்வார்கள்.

பூட்டும் நாள்

தோரணம், கரும்பு, வாழை எல்லாவற்றையும் காயும் முன் இறக்கிவிடுங்கள். அடுப்படியில் ஒரு பருக்கைகூட மிஞ்சக்கூடாது; எறும்பு வந்து, எறும்பைத் தேடிப் பல்லி வந்து, அப்படியே சங்கிலி நீளும். கோலத்தை மட்டும் அழிக்காதீர்கள், எறும்பு தின்றுகொள்ளும். மெத்தை தலையணைகளை வெயிலில் போட்டு எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பித்தளைச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். காற்றுக்கு மேல் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், வலை அடித்திருந்தால். மெயினை அணைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்யுங்கள்.

கடைசியாக நோட்டு. எங்கள் வீட்டில் முகப்புச் சாவிக்கொத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. முறை முடிந்து போகிற பங்காளி அடுத்தவருக்கு எழுதிவைப்பார். நன்றி, வாழ்த்து எதுவும் இருக்காது, வேலைதான் இருக்கும். போன வருஷம் நான் எழுதியது: “தூம்பு வலை புதுசு. இரண்டாம் கட்டு வடக்கு மூலையில் ஏழு ஓடு மாற்றியது, இன்னும் மூன்று பாக்கி, ஓடு மாட்டுக்கொட்டகையில் இருக்கு. பெரிய அண்டாவுக்கு ஈயம் பூசணும். மூன்றாவது தூண் பக்கத்துக் கல்லை மாற்ற ஆத்தங்குடியில் கேட்டேன், அதே பூ அச்சு இருக்கிறதாம், ஒன்பது கல் சொல்லியாச்சு. பழைய கல்லைத் தூக்கிப் போடவேண்டாம்.”